இந்திய சேவையும் சீன சேவையும்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஹாலில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை ஒரு சொற்பொழிவு உண்டு. தாம்பரம் மாநகராட்சியான மறு ஆண்டு நான் தொடங்கியது. இப்படிச் சொன்னால் எங்கள் பகுதியில் யாருக்கும் ஆண்டு பிடிபடாது. வீட்டு வரி கூடிய வருஷம் என்றால் உடனே தலையாட்டுவார்கள்.

எனக்கு ஆண்டுகள் மீது ஒரு பிடிப்பு. ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவள் நான். எது எப்போது நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் தெருவில் தார் போட்டது வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று இரண்டு பேர் சண்டை போட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சரியான பதிலைச் சொல்வேன். அதன் பிறகு இரண்டு பேருமே என்னோடு பேச மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு படித்ததையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத்தான் சொற்பொழிவு. சோழர் காலத்து ஏரிகள், ரூபாய் நோட்டின் வரலாறு, தென்னிந்திய ரயில் பாதைகளின் அகலம் என்று வரிசையாகப் பேசியிருக்கிறேன். கேட்க வருகிறவர்கள் நிலையானவர்கள். என் கணவர்; அவருக்கு வேறு வழியில்லை. காதில் கருவி மாட்டிய ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர். நான் மைக்கைத் தொட்டதும் அவர் கருவியை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஹாலில் ஏசி இருப்பதால் கோடை மாதங்களில் மட்டும் அறிவுத்தாகம் எடுக்கும் பி பிளாக் தம்பதி. பிறகு, கதவைப் பூட்டக் காத்திருக்கும் காவலாளி. ரயில் பாதைகளின் அகலத்தைப் பற்றிப் பேசிய மாதம் காவலாளிகூட வெளியே போய் நின்றுகொண்டார்.

இந்த நிலையில்தான் செயலாளர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேலாளர். எதையும் நேராகச் சொல்லாமல் முதலில் பாராட்டிவிட்டுச் சொல்கிறவர்.

"மேடம், உங்க ப்ரோக்ராம் எல்லாம் சூப்பர். தப்பா எடுத்துக்காதீங்க."

பாராட்டு அதோடு முடிந்தது. ஒரு பார்சல் கம்பெனி ஹாலைக் கேட்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆன்லைன் பொட்டலங்கள் மலைபோல் வருகின்றன, எங்கள் குடியிருப்புக்கும் அக்கம்பக்கத் தெருக்களுக்கும் பிரித்துக் கொடுக்க அவர்களுக்கு நிழலும் தரையும் வேண்டும். சங்கத்துக்கு வாடகை வரும்.

"அவங்களுக்கு எல்லா ஞாயித்துக்கிழமையும் வேணுமாம் மேடம். உங்க ஒரு ஞாயிறுதான் இடிக்குது."

"அந்த ஒண்ணுதானே சார் எனக்கு இருக்கு."

"புரியுது. அதனாலதான் கமிட்டில பேசி உங்களுக்கு ஒரு சான்ஸ் வாங்கிட்டு வந்திருக்கேன். வர்ற ஞாயிறு இருபத்தஞ்சு பேர் வந்துட்டா ஹால் உங்களுக்குத்தான். ஆனா ஆரம்பத்துல எண்ண மாட்டேன். நன்றியுரை சொல்றப்ப எண்ணுவேன்."

"ஏன்?"

"உங்க கூட்டத்துல ஆரம்பத்துல இருக்கிறவங்க கடைசில இருக்கிறதில்லையே மேடம்."

மறுக்க முடியவில்லை. என் குறிப்புகளும் அதையே சொல்லின.

அந்த மாதத்துக்கு நான் ஏற்கெனவே தலைப்பு முடிவு செய்திருந்தேன்: இந்திய, சீனச் சேவைத் துறைகள்: நாற்பது ஆண்டு வளர்ச்சி, ஓர் ஒப்பீடு. மாற்றலாமா என்று யோசித்தேன். என் கணவர், "ஆன்மிகமா ஏதாவது பேசேன், கூட்டம் வரும்" என்றார். ஆனால் சேவைத் துறைக்காரர்கள் வந்து சேவைத் துறை பற்றிய பேச்சை ஹாலை விட்டுக் கிளப்பப் பார்க்கும்போது அதே தலைப்பில் பேசுவதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. தலைப்பை முழுதாகத் தட்டச்சு செய்து செயலாளருக்கு அனுப்பினேன். அவர் எதையும் சுருக்கி எழுதிப் பழகியவர். குடியிருப்போர் குரூப்பில் அவர் போட்ட அறிவிப்பு இது:

"சண்டே ஈவினிங் ஹாலில் இந்தியன் சேவை வெர்சஸ் சைனீஸ் சேவை. கம்பேரிசன் பை சி பிளாக் மேடம். அனைவரும் வருக."

இடியாப்பத்துக்கு எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் சேவை என்றுதான் பெயர். எலுமிச்சை சேவை, தேங்காய் சேவை, வெல்ல சேவை. அப்படியானால் சீன சேவை எது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறிவிப்பின் கீழே முதலில் வந்த பதில் ஒரு கிண்ணமும் இரண்டு குச்சிகளும் கொண்ட சின்னப் படம். அதற்குக் கீழே நாக்கைச் சுழற்றும் மஞ்சள் முகங்கள் பதினேழு. பேச வருவது ஓர் ஆணாக இருந்திருந்தால் யாருக்காவது சந்தேகம் வந்திருக்கலாம். 'மேடம்' என்றதும் அடுப்பு பற்ற வைத்தாகிவிட்டது என்றே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

இதில் ஒரு வரியையும் நான் பார்க்கவில்லை. காலை வணக்கப் பூக்கள் தாங்க முடியாமல் அந்தக் குரூப்பை எப்போதோ சத்தமில்லாமல் மூடி வைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே வேலை. சேவை என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும். எங்கள் பகுதியில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வண்டி கழுவினால் வாட்டர் சர்வீஸ். உத்தியோகத்தில் உட்கார்ந்திருந்தால் சர்வீஸ். பெரிய சாலையின் ஓரத்தில் லாரிகள் தூங்குகிற இடம் சர்வீஸ் ரோடு. பெருமாளைப் பார்த்தால் சேவை. தாம்பரத்தில் ஒரு கடைப் பலகையில் 'ஆல் சர்வீசஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே ஒரு ஜெராக்ஸ் மிஷினும் 'சர்வர் டவுன்' என்ற பதிலும் இருக்கும்.

என் வீட்டு அடுப்பும் அந்த வாரம் ஆராய்ச்சிக்கு ஒத்துழைத்தது. ஒரு பர்னர் அணைந்து போனது. சர்வீஸ்காரரை அழைத்தேன். "நாளைக்கு வந்துடறேன் மேடம்" என்றார். மறுநாள் அழைத்தேன். "ஆன் த வே மேடம்" என்றார். பொருளாதாரத்தில் நடப்பு விலை என்றும் நிலையான விலை என்றும் இரண்டு உண்டு. அதுபோல நடப்பு நாளை, நிலையான நாளை என்று இரண்டு வைக்க வேண்டும் என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன். நடப்பு நாளை வரும், போகும். நிலையான நாளை எந்த அடிப்படை ஆண்டிலும் மாறாமல் நாளையாகவே இருக்கும்.

இதற்கு நடுவே எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மூன்று ஆண்டுகளாக என் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிராத ஜனங்கள் வழியில் நிறுத்தி விசாரித்தார்கள். முதலில் லிப்டில் ஏ பிளாக் அம்மாள் ஒருவர்.

"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றோம் மேடம். நாலு பேரா வரலாமா?"

"நாப்பது பேரா வாங்க."

"சீனாதான் நல்லாருக்கும்னு என் பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்கிறா. எனக்கு எப்பவுமே நம்மளதுதான்."

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டப்போறேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

"நம்மளதுல அப்படி என்ன குறைங்கறாங்க?"

"உதிரியா இருக்கு. அதான் பெரிய பிரச்சனை."

"உதிரியா இருந்தாத்தானே மேடம் நல்லது? ஒட்டிக்கிட்டா களி மாதிரி ஆயிடுமே!"

உதிரித் தொழிலாளர்களைப் பற்றி இவ்வளவு துணிச்சலான சுதந்திரச் சந்தைக் கருத்தை நான் லிப்டில் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது மாடியில் இறங்கும்வரை அந்த அம்மாளை மரியாதையோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் இயற்பியல் ஆசிரியர், கருவியை இயக்கிய நிலையிலேயே, நடைபாதையில் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் என் கவலை. எண்ணெய் ஜாஸ்தியானா நமக்கு ஆகாது. இல்லையா?"

"ரொம்பச் சரி சார். நம்மால தாங்கவே முடியாது. எழுபத்து மூணுலயே பார்த்துட்டோமே."

"எழுபத்து மூணுலயேவா? அந்த வயசுலயே வந்துடுச்சா உங்களுக்கு?"

"எனக்கா? நாட்டுக்கே வந்துது சார்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "ஜாக்கிரதையா இருங்கோ" என்றார். அந்த எண்ணெய் நெருக்கடியை இவ்வளவு நெருக்கமாக உணர்ந்த வேறொருவரை நான் சந்தித்ததில்லை.

சனிக்கிழமை இரவு சாப்பாட்டில் என் கணவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அவர் அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். நான் ரகசியமாக எங்கோ ஆர்டர் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சாம்மா?"

"ஆச்சுங்க. மொத்தமும் பென் டிரைவ்ல இருக்கு."

"பென் டிரைவ்லயா?"

"பின்ன வேற எதுல?"

அவர் ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எங்கள் திருமண வாழ்க்கை நீடித்ததற்குக் காரணம், அவர் எதிலும் மூன்றாவது கேள்வி கேட்காததுதான்.

ஞாயிறு மாலை ஹாலுக்குள் நுழைந்தவள் தவறான நேரத்துக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். நாற்காலிகள் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஏ பிளாக் அம்மாள், சொன்னபடி நான்கு பேராக, முதல் வரிசையில். சிலர் கையில் எவர்சில்வர் டப்பா, ஒருவர் மடியில் மூன்றடுக்குத் தூக்கு. பால் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறார்கள் போலும், பொருளாதாரத்துக்கு இவ்வளவாவது நேரம் ஒதுக்கினார்களே என்று நெகிழ்ந்தேன். செயலாளர் கதவோரம் சாய்ந்து நின்றார். பார்சல் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனை அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு அது இனித்தது.

பேச்சைத் தொடங்கினேன். முதலில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு.

"இங்க எத்தனை பேர் சேவைத் துறையில வேலை பார்க்கிறீங்க? வங்கி, பள்ளிக்கூடம், மென்பொருள், ஆஸ்பத்திரி, அரசு எல்லாம் சேர்த்தி."

ஏறக்குறைய எல்லாக் கைகளும் எழுந்தன.

"தொழிற்சாலை?"

ஒரே ஒரு கை. பல்லாவரத்தில் தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். "கணக்கு எழுதறது தொழிற்சாலையா, சேவையா மேடம்?" என்று அவரே சந்தேகம் கேட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

"விவசாயம்?"

பி பிளாக் கணவர் எழுந்தார். பால்கனியில் கொத்தமல்லி போட்டிருக்கிறாராம். கைதட்டல்.

கை தூக்காமல் இருந்த டி பிளாக் பெண் ஒருவரைப் பார்த்து, "நீங்கம்மா?" என்றேன்.

"நான் வீட்ல சும்மாதான் மேடம் இருக்கேன்."

மாமனார், மாமியார், கணவர், மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேருக்கு மூன்று வேளை சமைக்கிறவர் அவர். சும்மா என்ற துறைக்கு எந்த நாட்டு அட்டவணையிலும் ஒரு பத்தி கிடையாது என்று சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தார்கள்.

பிறகு திரையில் வரைபடத்தைப் போட்டேன். பச்சைக் கோடு நாம், சிவப்புக் கோடு சீனா.

"பாருங்க. ஆரம்பத்துல ரெண்டும் நூல் மாதிரி மெல்லிசா இருக்கு. ஏறக்குறைய ஒரே பருமன். இன்னும் சொல்லப்போனா, அப்ப நம்மளதுதான் ஒரு பிடி கூடுதல்."

"ஆகா" என்றது கூட்டம். இயற்பியல் ஆசிரியர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். என் வாழ்வின் உச்சம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் வரிசை அம்மாள் கை தூக்கினார். "மேடம், அரிசியா கோதுமையா?"

"அது விவசாயத் துறைம்மா. நான் சேவையை மட்டும்தான் எடுத்துக்கிட்டேன்."

"சேவையைத்தான் கேக்கறேன். அரிசி சேவையா, கோதுமை சேவையா? எங்க வீட்டுக்காரருக்கு சுகர்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்தது. டப்பாக்கள், தூக்கு, உதிரி, எண்ணெய். கடைசி வரிசையில் என் கணவர் தன் கைபேசியை உயர்த்தி, அறிவிப்பு இருந்த திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்துகள் தெரியவில்லை. கிண்ணமும் குச்சிகளும் தெரிந்தன.

"அப்ப சாப்பிட ஒண்ணும் இல்லையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாற்காலிகள் நகரும் சத்தம். முன்னால் இரண்டு பேர் பாதி எழுந்துவிட்டார்கள். கதவோரம் செயலாளரின் முகத்தில் வெளிச்சம் வரத் தொடங்கியது. நன்றியுரைவரை இவர்கள் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அடுத்த மாதம் இந்த மேடையில் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இருக்கு. ஆன் த வே. வந்துகிட்டே இருக்கு" என்றேன்.

அடுப்புச் சர்வீஸ்காரரின் குரலாகவே அது எனக்குக் கேட்டது. என்ன ஒரு நிதானம், என்ன ஒரு பணிவு. முப்பது வருஷம் சர்வீஸ் போட்டும் வராத சர்வீஸ் அந்த ஒரு நொடியில் எனக்கு வந்துவிட்டது.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். என் கணவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைபேசியில் எதையோ வேகமாகத் தேட ஆரம்பித்தார். சற்று நேரத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது: 'சேலையூர் மெஸ்ஸில் சேவை. கேம்ப் ரோடு பாஸ்ட் புட்டில் நூடுல்ஸ். ரெண்டும் ஒரே வண்டியில, மொத்தமா சொல்லியாச்சு. நீ பேசிக்கிட்டே இரு.'

பேசினேன். எழுபத்தெட்டில் அவர்கள் கதவைத் திறந்ததையும் தொண்ணூற்றொன்றில் நாம் ஜன்னலைத் திறந்ததையும் சொன்னேன். அவர்கள் முதலில் ஆலைகளைக் கட்டி, அந்த ஆலைக்காரர்களுக்காகக் கடைகளும் வங்கிகளும் போக்குவரத்தும் வைத்தார்கள். நாம் வயலிலிருந்து எழுந்து, ஆலை வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, நேராக ஏசி அறைக்குப் போய்ப் பிறர் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிட்டோம். பங்கு என்று பார்த்தால் இரண்டு நாட்டிலும் பாதிக்கு மேல் சேவைதான். பருமன் என்று பார்த்தால் அவர்களுடையது நம்முடையதைப்போல் பல மடங்கு.

"அதாவது, இட்லிப் பானையில பாதியும் அண்டாவில பாதியும் ஒண்ணு இல்ல" என்றேன். இது நன்றாகப் புரிந்தது. புரிந்ததோடு பசியையும் கிளப்பிவிட்டது. தூக்குக்காரர் மூடியைத் திறந்து காலியான உட்புறத்தைப் பார்த்துக்கொண்டார். உணவு சம்பந்தமான உவமைகளை அதோடு நிறுத்தினேன்.

கணவர் கைபேசியில் வரைபடத்தில் ஒரு சின்ன வண்டி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நகர்ந்தால் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். நின்றால் உதட்டைப் பிதுக்குவார். நான் அதற்கேற்ப ஆண்டுகளை ஓட்டினேன். வண்டி சேலையூரில் நின்றது, தொண்ணூறுகளை இழுத்தேன். வாழ்நாளில் தொண்ணூறுகளைப் பற்றி அவ்வளவு விரிவாக நான் பேசியதில்லை. எஸ்.டி.டி. பூத்துகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"இன்னும் எவ்ளோ நேரம் மேடம்?"

"சீனா இப்பத்தான் வேகம் எடுக்குது. சிக்னல் தாண்டிட்டா வந்துடும்."

நேரத்தை ஓட்ட அவர்களுடைய பழைய கணக்குமுறையைச் சொன்னேன். ஒரு காலத்தில் அங்கே கைக்குப் பிடிபடும் பொருளைச் செய்தால்தான் உற்பத்தி. முடி வெட்டுவதும் பாடம் சொல்வதும் கணக்கிலேயே வராது. பிற்பாடு ஊரெல்லாம் கணக்கெடுத்துப் பார்த்தபோது, இதுவரை எழுதப்படாத சேவை மூட்டை மூட்டையாக அகப்பட்டது. ஒரே அறிவிப்பில் நாட்டின் பொருளாதாரம் பெரிதாகிவிட்டது.

"அதெப்படி மேடம்? புதுசா யாரும் எதுவும் செய்யாமலேயா?" என்றார் தோல் தொழிற்சாலைக்காரர்.

"யாரும் எதுவும் செய்யல. ஏற்கெனவே செஞ்சதை எழுதினாங்க. அவ்வளவுதான்."

"அப்ப நாமளும் எழுதிட்டா?" என்றார் டி பிளாக் பெண்.

"எதை?"

"நான் சும்மா இருக்கிறதை."

அவருடைய கணவர் பக்கத்திலிருந்து, "ஏய், கம்முனு இரு" என்றார்.

"கம்முனு இருக்கிறதையும் சேர்த்து எழுதுங்க மேடம்" என்றார் அந்தப் பெண். ஹால் அதிர்ந்தது. என் கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஹாலுக்கு வெளியே நின்ற காவலாளி, ஏதோ விபரீதம் என்று உள்ளே ஓடி வந்தார். அவரோடு இன்னும் சிலரும் வந்தார்கள். அவர்களுக்கும் யாரோ, "உட்காருங்க, சேவை வந்துகிட்டிருக்கு" என்றார்கள்.

கடைசியில் கதவு முழுதாகத் திறந்தது. ஹெல்மெட் கழற்றாமல், இரண்டு தோளிலும் மூட்டைபோல் பைகள் தொங்க ஒரு நடுத்தர வயதுக்காரர் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"இன்னா சார் இது, பேஜாராப் பூச்சு. எந்த கேட்டுன்னே போடல. பின்னால கேட்டுக்குப் போனா மூடிக் கீது. ரெண்டு ரவுண்டு சுத்திகினு வரேன். யாரு சார் ஆர்டர் பண்ணது? ஓட்டிபி சொல்லு."

"இதோ, இவர்தான் சேவைத் துறை!" என்றேன் மேடையிலிருந்து, என்னை அறியாமல்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டலில் துறைக்கு எவ்வளவு, பைகளுக்கு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"நான் இன்னா பண்ணேன்? பாலம் ஏறி எறங்கி வந்தேன், அவ்ளோதான். ரேட்டிங்கு மட்டும் அஞ்சு போட்டுரு சார்."

இரண்டு மேசைகளை இழுத்துப் போட்டார்கள். இந்தியா ஒரு மேசை, சீனா ஒரு மேசை. எலுமிச்சை சேவையும் தேங்காய் சேவையும் பச்சைத் துணி விரித்த மேசையில். நூடுல்ஸ் சிவப்புத் துணியில். யார் அந்தத் துணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியவில்லை. என் வரைபடத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்தவர் யாரோ கூட்டத்தில் இருந்திருக்கிறார். சீனா மேசைதான் முதலில் காலியானது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் சீனாவில் ஆரம்பித்து, அது தீர்ந்த பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பினார்கள். ஏ பிளாக் அம்மாளும் அப்படித்தான். மகள் பார்க்காதபடி திரும்பி நின்று சாப்பிட்டார்.

"உதிரியாத்தான் இருக்கு மேடம்" என்று என்னிடம் தட்டைக் காட்டினார், சமாதானமாக.

நான் மைக்கை எடுத்து நன்றியுரை சொன்னேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் யாரும் போகவும் இல்லை. செயலாளர், கையில் தட்டோடு, விரலை நீட்டி நீட்டி எண்ணினார். பாதியில் நூடுல்ஸ் வழுக்கி விழ, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். காவலாளியைச் சேர்க்கலாமா என்று ஒரு வாதம் வந்தது. சேர்க்காவிட்டாலும் இருபத்தைந்து எப்போதோ தாண்டிவிட்டது.

"ஓகே மேடம். பேச்சு பேச்சுதான். ஹால் உங்களுக்கு" என்றார். நல்ல மனிதர்; வாயில் சேவையோடு சொன்னாலும் தெளிவாகச் சொன்னார். "பார்சல் கம்பெனிக்கு வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடறேன். இப்பவே தீர்மானம் போட்டுடலாம், எல்லாரும் இருக்காங்க."

கைகள் எழுந்தன. கரண்டியோடும் தட்டோடும் எழுந்த கைகளை நான் அதற்கு முன் எந்த வாக்கெடுப்பிலும் பார்த்ததில்லை. எதிர்ப்பு ஒன்றுமில்லை. செயலாளர் தீர்மானப் பதிவை ஒரு கையால் எழுதி, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து என்னிடம் கொண்டு வந்து நீட்டினார்.

'மாதாந்திர சேவை நிகழ்ச்சி இரண்டாம் ஞாயிறுதோறும் இதே ஹாலில் தொடர்ந்து நடைபெறும்.'

அந்த வாக்கியத்தைப் படித்தேன். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் கால்புள்ளி தவறினாலும் பேனாவோடு போய்த் திருத்துகிறவள் நான். பேனா என் கையிலேயே இருந்தது. செயலாளருக்கும் அது தெரியும்.

"சரியா இருக்கா மேடம்? 'சேவை'க்குப் பின்னால 'துறை' சேர்க்கணுமா?"

நான் ஹாலைப் பார்த்தேன். திரையில் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் அப்படியே நின்றன. இரண்டாயிரத்துக்குப் பிந்திய பகுதியை நான் இன்னும் பேசவே இல்லை. அதற்குக் கீழே டி பிளாக் பெண் உட்கார்ந்து, யாரோ பரிமாற, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இயற்பியல் ஆசிரியர் எண்ணெயை ஒரு காகிதத்தால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். தூக்குக்காரர் மூன்றடுக்கையும் நிரப்பிவிட்டு, அடுத்த மாதம் என்ன தலைப்பு என்று என் கணவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்" என்றேன். "இப்படியே இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டு, கீழே தேதியை மட்டும் சரியாக எழுதினேன்.